அக்காவும் தங்கையும் வாங்கிய தீவு

"எங்கேயாவது கண்காணாத தீவுக்குப் போயிடலாம் போல இருக்கு!"

இந்த வார்த்தையை ஒரு தடவையாவது சொல்லாத குடும்பத் தலைவி நம்மில் உண்டா? ஒரு பக்கம் பால் பொங்கி வழியும். இன்னொரு பக்கம் குழந்தை ஒரு கால் செருப்பைக் காணோம் என்று அழும். வாசலில் காலிங் பெல் அடிக்கும். "என் கண்ணாடி எங்கே?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வரும். அந்த நேரத்தில் மனசு தானாகத் தீவுக்குப் போய்விடுகிறது. நாலு தென்னை மரம், வெள்ளை மணல், அலைச் சத்தம். அங்கே யாரும் "அம்மா!" என்று கூப்பிட மாட்டார்கள். அப்பாடா!

நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். நிஜமாகவே விலை கொடுத்துத் தீவு வாங்கி, அதில் குடித்தனமும் நடத்தியவர்கள் இருக்கிறார்கள், சகோதரிகளே. "அதெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ 1960களில் தாஹிட்டிக்குப் பக்கத்தில் டெட்டியரோவா என்ற தீவுக் கூட்டத்தைத் தம்முடையதாக்கிக் கொண்டார். இங்கிலாந்துத் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் 1970களின் கடைசியில் கரீபியன் கடலில் நெக்கர் என்ற தீவை வாங்கினார். அவர்கள் கதை நமக்கு எதற்கு? நான் சொல்ல வந்தது ஓர் அக்காவையும் தங்கையையும் பற்றி. ஒருத்தி கம்பெனி உத்தியோகம் பார்த்தவள், இன்னொருத்தி டீச்சர். இருவரும் மாதச் சம்பளக்காரிகள்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்ற பகுதி இருக்கிறது. அதன் கடலோரத்தில் லூ என்ற சின்ன மீன்பிடி ஊர். அங்கிருந்து ஒரு மைல் தள்ளி கடலுக்குள் ஒரு தீவு. லூ தீவு என்றும், செயின்ட் ஜார்ஜ் தீவு என்றும் சொல்வார்கள். மொத்தமே இருபத்திரண்டரை ஏக்கர். நம் ஊரில் ஓரளவு வசதியான விவசாயியின் நிலம் அவ்வளவு இருக்கும். முன்னொரு காலத்தில் கடத்தல்காரர்கள் சரக்கைப் பதுக்கி வைத்த இடம். பிறகு 1743 முதல் 1921 வரை ஒரே பிரபுக் குடும்பத்தின் கையில் இருந்தது.

ஈவ்லின் அட்கின்ஸ், பாப்ஸ் அட்கின்ஸ் என்ற சகோதரிகள் 1965-ல் அந்தத் தீவை வாங்கினார்கள். விலை 22,000 பவுண்டு. அப்போது ஈவ்லினுக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். தங்கை பாப்ஸுக்கு நாற்பத்தேழு வாக்கில். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. நம் வீட்டு வழக்கப்படி, "இனிமே என்ன, ஏதோ இருக்கிற வரைக்கும்..." என்று பேச ஆரம்பிக்கும் வயது! அந்த வயதில்தான் அவர்கள் மூட்டை முடிச்சுடன் படகு ஏறினார்கள்.

அக்கா 1997-ல் எண்பத்தேழு வயதில் காலமானாள். தங்கை அதற்கப்புறமும் அந்தத் தீவிலேயே இருந்தாள். 2004-ல் அவள் காலமானபோது வயது எண்பத்தாறு. கணக்குப் பாருங்கள், கிட்டத்தட்ட நாற்பது வருஷக் குடித்தனம். 'நாங்கள் ஒரு தீவை வாங்கினோம்' என்ற பொருளில் ஈவ்லின் 1976-ல் புத்தகமும் எழுதினாள். 1986-ல் இன்னொன்று.

இதைப் படித்ததிலிருந்து என் மனசு கடலைப் பற்றி நினைக்கவில்லை. அடுக்களையைப் பற்றித்தான் நினைத்தது. அரிசி தீர்ந்தால் என்ன செய்வது? காஸ் தீர்ந்தால்? பல்வலி வந்தால்?

யோசித்தால் தலை சுற்றுகிறது. நமக்கு வாசலுக்கு வருகிற எல்லாமே தீவுக்குப் படகில்தான் வர வேண்டும். உப்பு, புளி, தீக்குச்சி, மண்ணெண்ணெய், ஆணி, பெயிண்ட், எல்லாமே. கரையில் தூக்கி ஏற்று, தீவில் தூக்கி இறக்கு, பிறகு மேட்டில் சுமந்து போ. குப்பையையும் அப்படியே. "குப்பை வண்டி வந்தாச்சு" என்று யாரும் மணி அடிக்க மாட்டார்கள். மக்கினது எருக்குழிக்கு, மக்காதது திரும்பவும் படகுக்கு. இதெல்லாம் கடல் சம்மதித்தால்தான். காற்று எழும்பிவிட்டால் ஒரு மைல் தூரம்கூட நூறு மைல்தான். கரையில் விளக்கெரிவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் போக முடியாது. ஒன்று சொல்ல மறந்தேனே, வருஷத்தில் ஒரு சில நாள் கடல் வெகுவாக உள்வாங்கும்போது லூ தீவுக்குப் பாறைகள் மேல் நடந்தே போகலாமாம். அலை திரும்புவதற்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு. சுற்றிலும் கடல், குடிக்க ஒரு சொட்டு இருக்காது. மணலும் பவழப்பாறையுமான சின்னத் தீவுகளில் மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை அதிகம், அதுதான் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. ஆசைப்பட்டு மோட்டார் போட்டு மேலே ஓர் அடியை உறிஞ்சிவிட்டால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வந்துவிடும். அப்புறம் கிணறு கெட்டது கெட்டதுதான். நம் கடற்கரை ஊர்களில் நேற்றுவரை தித்தித்த கிணறு இன்று கரிப்பதற்கும் இதுதான் காரணம். தீவுக்காரன் தப்பு செய்தால் உடனே தெரிகிறது, நமக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிகிறது.

ஆகவே தீவில் கூரைதான் கிணறு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் வீட்டு மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி என்று வையுங்கள். பத்து மில்லிமீட்டர் மழைக்குத் தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் விழுகிறது! தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழாய் இருக்கிறது, குழிதான் தூர்ந்து கிடக்கிறது. புரட்டாசிக்குள் ஒரு நாள் ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்களேன்.

பணம் இருந்தால் கவலை இல்லையா என்றால், அதுவும் இல்லை. நான் முன்னால் சொன்ன நெக்கர் தீவில் 2011 ஆகஸ்டில் மின்னல் தாக்கிப் பெரிய மாளிகையே எரிந்து போனது. கோடீஸ்வரர் வீடுதான். ஆனால் மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வர அங்கே சாலை ஏது? மறுபடி கட்டினார்கள். 2017-ல் இர்மா புயல் வந்து அதையும் பாழாக்கியது.

"சரி, நமக்கும் தீவுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? சென்னை சகோதரிகளைக் கேளுங்கள். 2015 டிசம்பரில் என் நாத்தனார் வீடு மூன்று நாள் தீவாகத்தான் இருந்தது. மாடியில் ஏழு பேர், கீழே இடுப்பளவு தண்ணீர். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் எத்தனை வீடுகள் அப்படி ஆயின! அதனால் தீவுக்காரிகளைப் போல நாமும் ஐப்பசி பிறக்கும் முன்னே ஒரு பெட்டி தயார் செய்து பரணில் வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பதைச் சொல்கிறேன்:

குடிதண்ணீர்: ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வீதம், மூன்று நாளைக்கு. பெட்டிக்குப் பக்கத்தில் மூடி போட்ட கேன்களில்.

சாப்பாடு: அவல், பொட்டுக்கடலை, வெல்லம், பிஸ்கட், பால் பவுடர். அடுப்பு எரியாவிட்டாலும் சாப்பிடக் கூடியவை.

மருந்து: பெரியவர்களின் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் பத்து நாளைக்கு. காய்ச்சல் மாத்திரை, குழந்தைக்கான காய்ச்சல் மருந்து, பஞ்சு, பிளாஸ்திரி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேதி பார்த்து மாற்ற வேண்டும்.

மற்றவை: டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்க், விசில் ஒன்று.

பத்திரங்கள்: வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் புத்தகம் எல்லாம் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. தாய்ப்பாலுக்கு வெள்ளமும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. அதை மட்டும் நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு அளவு கூடவே கூடாது. மீந்ததை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

மறுபடி தீவுக்கு வருவோம். இந்து மகா சமுத்திரத்தில் சீஷெல்ஸ் என்ற நாடு இருக்கிறது. தமிழர்களும் வாழ்கிறார்கள், தலைநகரான விக்டோரியாவில் விநாயகர் கோயிலே இருக்கிறது. அதற்கு எதிரே கடலில் மொயேன் என்று ஒரு குட்டித் தீவு. பிரெண்டன் கிரிம்ஷா என்ற இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர் 1962-ல் 8,000 பவுண்டு கொடுத்து அதை வாங்கினார். லூ தீவைவிட ஒன்றிரண்டு ஏக்கர்தான் அதிகம். ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட ஆள் இல்லாமல் புதர் மண்டிக் கிடந்த இடம். கீழே விழுகிற தேங்காய்கூடப் புதரில் சிக்கித் தரையைத் தொடாது என்பார்களாம்! அவரும், ரெனே லஃபோர்ச்சூன் என்ற உள்ளூர்க்காரரும் சேர்ந்து, பதினாறாயிரம் மரங்கள் நட்டார்கள். ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். பறவைகள் தாமாகவே வந்தன. பின்னால் ஓர் அரபு இளவரசர் ஐந்து கோடி டாலர் தருகிறேன் என்றும் இவர் கொடுக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். லஃபோர்ச்சூன் 2007-ல் காலமானார், கிரிம்ஷா 2012-ல். தாம் இருக்கும்போதே அந்தத் தீவு தேசியப் பூங்கா ஆவதற்கு வழி செய்துவிட்டுத்தான் போனார்.

அட்கின்ஸ் சகோதரிகளும் அப்படியே. தீவை விற்கவில்லை. தங்களுக்குப் பிறகு கார்ன்வால் வனவிலங்கு அறக்கட்டளைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 2004-ல் பாப்ஸ் போனதும் அப்படியே நடந்தது. பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு துண்டுத் தீவு இருந்தது. அதை மட்டும், பழைய சொந்தக்காரர்களான ட்ரெலானி குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இன்று லூ தீவில் கடற்காகங்கள் கூடு கட்டுகின்றன, கடல்நாய்கள் பாறையில் வெயில் காய்கின்றன. கோடைக் காலத்தில் படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

என்னை யோசிக்க வைத்தது இந்த உயில்தான். காரணம், எங்கள் குடும்பத்திலேயே இப்படி ஓர் அக்கா தங்கை இருக்கிறார்கள்.

என் பெரியம்மா பெண்கள். பெரியக்கா டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்னக்கா முப்பத்தாறு வயதில் கணவரை இழந்தவள், குழந்தைகள் இல்லை. பல வருஷமாக ஆறு மாதம் ஒரு தம்பி வீடு, ஆறு மாதம் இன்னொரு தம்பி வீடு என்று பெட்டியும் கையுமாக இருந்தாள். யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும், "காப்பி வேணும்னு கேட்கறதுக்கு முன்னாடி மணி பார்க்கணும்டி" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அது போதாதா?

பெரியக்காவின் ரிடையர்மென்ட் பணம், சின்னக்காவின் சேமிப்பு, நகை விற்றது, எல்லாம் சேர்த்து இருவர் பெயரிலும் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று வாங்கினார்கள். தம்பிகளுக்கு மனத்தாங்கல்.

"இந்த வயசில தனிக்குடித்தனம் எதுக்கு அக்கா? ஊர் எங்களைத்தானே பேசும்? நாங்க இல்லையா?" என்று பெரிய தம்பி கேட்டார்.

"நீங்க இருக்கீங்கப்பா. இருக்கிறதாலதான் அடுத்த தெருவில வாங்கியிருக்கோம்" என்றாள் பெரியக்கா.

எனக்கு லூ தீவின் அந்த ஒரு மைல் ஞாபகம் வந்தது. தனியாக இருப்பது வேறு, தனித்துப் போவது வேறு. அந்தச் சகோதரிகளும் ஊர்ப் படகுக்காரர்களை நம்பித்தான் நாற்பது வருஷம் ஓட்டினார்கள். பகலில் பார்க்க வருகிறவர்களையும் வரவேற்றார்கள்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மாவும் வந்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "உயில் எழுதிட்டீங்களா?" என்பதுதான். நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு என்று எல்லோருக்கும் முகம் சுருங்கியது. ஆனால் அவர் விளக்கினதைக் கேட்டதும் வாயடைத்துப் போனோம்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் வந்தது. அதன்படி, குழந்தையில்லாத விதவை உயில் எழுதாமல் காலமானால், அவள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து கணவர் வழி வாரிசுகளுக்குப் போகும். கூடப் பிறந்தவளுக்குப் போகாது! பெற்றோர் வழியாக வந்த சொத்து மட்டும் அப்பா வழிக்குத் திரும்பும். அதாவது சின்னக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இருபது வருஷமாக எட்டிப் பார்க்காத மைத்துனர் மகன் வந்து, பாதி வீடு என்னுடையது என்று பெரியக்காவிடம் கேட்கலாம். பெரியக்கா முந்திக்கொண்டால், அவள் பாதி தங்கைக்கும் இரண்டு தம்பிகளுக்குமாகப் பிரியும். தங்கமானவர்கள் ஆனாலும், அடுத்த தலைமுறை எப்படியோ? ஆசையாக வாங்கின வீட்டில் கடைசிவரை இருக்க முடியுமா என்பதே சந்தேகமாகிவிடும்.

இதற்குப் பரிகாரம் ஒரு தாள்தான் என்றார் வக்கீல் அம்மா. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். தெளிந்த புத்தியோடு எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களும் போட வேண்டும். சொத்து பெறப் போகிறவர் சாட்சியாக இல்லாமலிருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் பின்னால் தகராறு குறையும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதினதுதான் செல்லும்.

அடுத்த மாதமே இருவரும் எழுதிவிட்டார்கள். முதலில் ஒருவருக்கு ஒருவர். இருவருக்கும் பிறகு யாருக்கு என்பதில்தான் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்ததாம். முடிவு என்ன என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "அது உயில்ல இருக்கு, அவசரப்படாதே" என்று சின்னக்கா சிரித்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வெகுநாளாயிற்று. இப்போதெல்லாம் அவள் மணி பார்க்காமல் காப்பி போடுகிறாள். நாம் போனால் நமக்கும் போடுகிறாள்.

பெண்பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுவதும் வந்தது. சொத்து நம் கைக்கு வர எவ்வளவோ பேர் பாடுபட்டார்கள். வந்தபிறகு அது யார் கைக்குப் போக வேண்டும் என்று சொல்வது நம் வேலை அல்லவா? தீவு வேண்டாம், ஒரு சென்ட் மனையோ, பாங்கில் ஒரு டெபாசிட்டோ, கழுத்துச் சங்கிலியோ உங்கள் பெயரில் இருந்தால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கடை ஆனதும், பாத்திரத்தை ஊறப் போட்டுவிட்டு, ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உங்களுக்கு என்னென்ன இருக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். நிறைய பேருக்கு அதுவே ஆச்சரியமாக இருக்கும்.

எழுதிப் பார்த்தவர்கள் எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.